ரிவர்ஸில் சுற்றிய இம்பெல்லர்

கண்காட்சி ஸ்டால்களின் சுவர்களை ஏஐ வீடியோ பிடித்துக்கொண்டிருக்கிறது. கூட்டம் நிற்கிறது. ஆர்டர் வருகிறதா?

கொங்கு மண்டலத்தில் ஒரு தொழிற்கண்காட்சி. ஹாலுக்குள் நுழைந்ததுமே கண்ணை இழுத்தது ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டால். இரண்டு பக்கம் திறந்த கார்னர் ஸ்டால். பின்சுவர் முழுக்க எல்இடி. திரையில் விடியற்காலை. தென்னந்தோப்புக்கு மேலே கேமரா பறந்து வருகிறது, கிணற்றுக்குள் இறங்குகிறது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பம்பின் வயிற்றுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. உள்ளே பொன்னிறத்தில் இம்பெல்லர் சுழல்கிறது. தண்ணீர் வைரத்தூள் போலச் சிதறுகிறது. நடைபாதையில் போனவர்களில் பாதிப் பேர் நின்றார்கள், மொபைலை எடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர். வீடியோ ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்வரை அசையாமல் பார்த்தார். பிறகு ஸ்டாலில் நின்ற இளைஞரைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, இம்பெல்லர் ரிவர்ஸ்ல சுத்துதுங்களே?”

“அது சும்மா கிராஃபிக்ஸுங்கய்யா. ஏஐ-ல பண்ணுனது.”

“எதுல பண்ணுனா என்னங்க? தண்ணி ஒரு பக்கமாத்தானுங்க போவோணும்.”

சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நடையைக் கட்டினார். மேஜை மேல் நிஜமான பம்ப் ஒன்று பாதி அறுத்து, உள்பாகம் தெரிய வைக்கப்பட்டிருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

பம்போடு பழகியவர்களுக்கு அவர் சொன்னது உடனே விளங்கும். செண்ட்ரிஃப்யூகல் பம்ப் இம்பெல்லரின் இறக்கைகள் சுற்றும் திசைக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு லைன் கொடுக்கும்போது இரண்டு வயர் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும், ஆனால் சோனியாக வரும். போர்வெல்லுக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. வரும் தண்ணீரின் வேகத்தை வைத்துத்தான் ‘ஃபேஸ் மாறியிருக்கு’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லியே வயதான ஒரு மனிதரிடம், வாழ்நாளெல்லாம் அவர் சரிசெய்து வந்த கோளாறையே பத்தடி அகலத்தில் ஓட்டிக் காட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ஏஐ வீடியோ கண்காட்சிக்கு வந்ததில் எனக்குக் குறை இல்லை. அதை ஸ்டாலின் எந்த மூலையில், எந்த வேலைக்கு நிறுத்துகிறோம் என்பதில்தான் வம்பு.

எட்டு வினாடி என்னும் அளவு

ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘சோரா’வை 2024 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஒரு நிமிட வீடியோ என்றதும் விளம்பரத் துறை மிரண்டது. அதே ஆண்டு ஜூனில் சீனாவின் குவாய்ஷோ நிறுவனம் ‘கிளிங்’கை இறக்கியது. ‘ரன்வே’ தன் மூன்றாம் தலைமுறை மாடலைக் கொண்டுவந்தது. 2025 மே மாதம் கூகுளின் ‘வியோ 3’ வந்தபோது படத்தோடு சத்தமும் சேர்ந்தே பிறந்தது. அது ஒரு தடவையில் தரும் துண்டின் நீளம் எட்டு வினாடி.

சினிமாக்காரருக்கு எட்டு வினாடி போதாது. ஸ்டால்காரருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. நடைபாதையில் போகிறவர் நம் ஸ்டாலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சில வினாடிகள்தான். கையில் இரண்டு கேரி பேக், கழுத்தில் அடையாள அட்டை, காலில் வலி. அவரை நிறுத்த மூன்று நிமிட கார்ப்பரேட் ஃபிலிம் உதவாது. நிறுவனர் குத்துவிளக்கு ஏற்றுவது, ஐஎஸ்ஓ சான்றிதழ், தொழிற்சாலை வாசல், அதன் மேல் பறக்கும் ட்ரோன் என்று ஓடும் அந்த வகைப் படத்தை யாரும் முழுதாகப் பார்த்து நான் கண்டதில்லை, எடுத்தவரைத் தவிர. ஒரு காட்சி, ஒரு ஆச்சரியம், மறுபடி முதலிலிருந்து. இதுதான் ஸ்டாலுக்கான இலக்கணம். முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் ஒரே படமாகக் கொடுத்தால், எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சுழற்சி கிடைக்கிறது. இதை இந்தக் கருவிகள் அழகாகவே செய்கின்றன.

சத்தத்தைப் பொறுத்தவரை ஒரே வரி. ஹால் இரைச்சலில் அது யார் காதிலும் விழாது, பக்கத்து ஸ்டால்காரரோடு சண்டைதான் வரும்.

ஏஐ வீடியோ ஸ்டாலுக்குப் பொருந்த இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கேமரா குழு, லைட், டிரோன், வாடகை வண்டி, இரண்டு நாள் படப்பிடிப்பு என்று செலவழிக்கப் பெரிய கம்பெனிகளால் முடியும். ஒன்பது சதுர மீட்டர் ஷெல் ஸ்கீமில், அதாவது மூன்றுக்கு மூன்று தடுப்பில், மேல்பட்டையில் கம்பெனிப் பெயரும் கீழே ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியுமாக உட்கார்ந்திருக்கும் சிறு தொழில்முனைவோருக்கு அது எட்டாத செலவு. அவினாசி சாலை கொடிசியா வளாகத்திலும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் ஸ்டால் போடுகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்கள் கைக்கும் நகரும் படம் வந்திருப்பது நல்ல விஷயம்.

முந்தைய இரவு

கண்காட்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் திறப்பு விழாவுக்குப் போக வேண்டாம். அதற்கு முந்தைய இரவு போங்கள். ஹால் முழுக்க பிளைவுட் தூள், ஃபெவிகால், ஸ்பிரே பெயின்ட் வாசனை. எட்டுப் பட்டை அலுமினியத் தூண்களை வரிசையாக நிறுத்தி, பட்டைகளின் பள்ளத்தில் வெள்ளைப் பலகைகளைச் செருகிக்கொண்டே போகிறது ஒரு குழு. ஆக்டோநார்ம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கார்பெட் ஒட்டுகிறவர் மண்டியிட்டு நகர்கிறார். எலெக்ட்ரீஷியனைத் தேடி நாலு ஸ்டால்காரர்கள் அலைகிறார்கள். ஒரு மூலையில், எல்இடிக்காரர் அரை மீட்டர் சதுரப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏஐ வீடியோவின் தலையெழுத்து முடிவாகிற இடம் அந்த மூலைதான். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

வாடகைக்குப் பரவலாகக் கிடைப்பது ‘பி 3.9’. இரண்டு விளக்குப் புள்ளிகளுக்கு இடையே 3.9 மில்லிமீட்டர் என்று பொருள். அரை மீட்டர் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு 128 புள்ளிகள். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் என்று சுவர் கட்டினால் ஆறுக்கு நாலு, 24 பெட்டிகள். மொத்தச் சுவரும் சேர்ந்து 768-க்கு 512 புள்ளிகள். பெருக்கினால் நாலு லட்சத்துக்கும் குறைவு. சாதாரண ஃபுல் எச்டி டிவியில் இருப்பது 20 லட்சத்துக்கும் மேல். ‘சார், ஃபோர்-கே வீடியோ’ என்று பெருமையாக பென்டிரைவை நீட்டுகிறோமே, அதில் பெரும்பகுதி அந்தச் சுவரில் கரைந்து காணாமல்போகிறது.

அடுத்தது வடிவம். மூன்றுக்கு இரண்டு சுவரில் பதினாறுக்கு ஒன்பது படத்தை ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். கறுப்புப் பட்டை கூடாது என்று இழுத்துவிட்டால் படத்தில் உள்ள ஆள் ஒல்லியாகி நெடுநெடுவென்று வளர்வார், உருண்டையான பம்ப் முட்டையாகும். பம்பின் வடிவத்தையே தொழிலாகக் கொண்டவர் தன் பம்ப் முட்டையாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வீடியோவை ‘உருவாக்கு’ என்று பட்டனை அழுத்துவதற்கு முன்பே சுவரின் அளவை, ஸ்டால் கட்டும் ஃபேப்ரிகேட்டரிடம் கேட்டு வாங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

தூரமும் ஒரு கணக்கு. புள்ளி இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ, பார்க்கிறவர் ஏறக்குறைய அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் படமாகத் தெரியும் என்பது எல்இடிக்காரர்களின் கைக்கணக்கு. பி 3.9-க்கு நாலு மீட்டர். மூன்று மீட்டர் ஆழமுள்ள ஸ்டாலுக்குள் வந்து நிற்கிறவருக்குத் தெரிவது வெறும் வண்ணப் புள்ளிகள்தான். எல்இடி சுவர் நடைபாதையில் போகிறவரை நிறுத்தும், உள்ளே வந்தவருக்குப் பயன்படாது. சின்ன ஸ்டாலுக்கு ஒரு 55 இன்ச் டிவியே உத்தமம் என்று நான் சொன்னால் எல்இடி வாடகைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

தமிழில் எழுத்து போட வேண்டுமா? அதை ஏஐ-யிடம் விடாதீர்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி எங்கோ என்று எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளை அது வரைந்து வைக்கும். கம்பெனிப் பெயரை எடிட்டிங்கில் தனியாகப் போட்டுக்கொள்வதே வழி.

படத்தில் நின்ற ஸ்டால்

ஏஐ வீடியோ ஸ்டாலின் சுவருக்கு வருவதற்கு முன்பே ஸ்டாலின் டிசைனுக்குள் வந்துவிட்டது. இது வாசகர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத பகுதி.

முன்பெல்லாம் ஃபேப்ரிகேட்டர் ஸ்கெட்ச்அப்பிலோ த்ரீடி மேக்ஸிலோ ஸ்டாலை வரைந்து, மூன்று கோணங்களில் படம் அனுப்புவார். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு மாடல் இருந்தது. மாடலில் ஒவ்வொரு பலகைக்கும் அளவு இருந்தது, தச்சர் அதைப் பார்த்து அறுத்தார். இப்போது அந்த ஒரு படத்தை ஏஐ-யிடம் கொடுத்தால் கேமரா ஸ்டாலுக்குள் நடந்து சுற்றிவரும் வீடியோ சில நிமிடங்களில் கிடைக்கிறது. ஒளி விழும் விதம், தரையின் பளபளப்பு, சிரித்தபடி பேசும் பார்வையாளர்கள் எல்லாம் அமர்க்களம். முதலாளி சொக்கிப்போகிறார், ஓகே சொல்கிறார்.

சிக்கல் என்னவென்றால், படத்தில் தெரியாத பக்கத்தை ஏஐ தானாக இட்டுக்கட்டுகிறது. ஸ்டோர் ரூம் கதவு இருந்த இடத்தில் சோபா முளைக்கும். ஆறு மீட்டர் பலகை ஒரு தூணும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். மேலிருந்து எதையும் தொங்கவிடவே அனுமதியில்லாத ஹாலில் பெரிய வளைய விளக்கு தொங்கும். அமைப்பாளர்கள் வைத்திருக்கும் உயர வரம்பைத் தாண்டிச் சுவர் எழும்பும். முந்தைய இரவு பதினோரு மணிக்கு முதலாளி வந்து மொபைலை நீட்டி, “இதுல இருக்கிற மாதிரி இல்லையே” என்பார். ஃபேப்ரிகேட்டர் என்ன சொல்வார்? காட்டியது அவரேதான்.

உலகம் சிரித்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், வில்லி வோங்கா கதையைத் தழுவிக் குழந்தைகளுக்கு ஒரு சாக்லேட் உலகம் என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பரப் படங்கள் ஏஐ வரைந்தவை, சொர்க்கம்போல இருந்தன. டிக்கெட் வாங்கிப் போனவர்கள் பார்த்தது காலி கிடங்கு ஒன்றில் சிதறிக் கிடந்த சில அலங்காரப் பொருட்களையும் ஒரு துள்ளும் பலூன் கோட்டையையும். குழந்தைகள் அழுதன, பெற்றோர் சண்டை போட்டார்கள், போலீஸ் வந்தது, நிகழ்ச்சி பாதியில் நின்றது. நம் ஊர் ஸ்டாலுக்கு அந்த அளவு ஆகாது. ஆனால் கோளாறு ஒன்றுதான்: படம் தந்த வாக்கைப் பலகையால் நிறைவேற்ற முடியவில்லை.

நல்ல டிசைனர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மனநிலையைக் காட்ட ஏஐ, அளவைக் காட்டப் பழைய மாடல். இரண்டையும் ஒரே மெயிலில் அனுப்பி, ‘கட்டப்போவது இரண்டாவது’ என்று எழுதிவிடுகிறார்கள். கையெழுத்தும் இரண்டாவதில்தான் வாங்குகிறார்கள்.

கயிற்றை வெட்டச் சொன்ன மனிதர்

இப்போது 1854-க்குப் போய்வருவோம். நியூயார்க்கின் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சி. கயிறு அறுந்தால் விழுந்துவிடும் என்று சரக்கு லிஃப்டில் ஏறவே மனிதர்கள் பயந்த காலம். எலைஷா ஓடிஸ் தான் செய்த பாதுகாப்பு பிரேக்கைப் பற்றித் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. லிஃப்ட் மேடையில் தானே ஏறி நின்றார். கூட்டத்தின் தலைக்கு மேலே உயரத்தில் நின்றபடி, தாங்கும் கயிற்றை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். மேடை கொஞ்சம் இறங்கி, பற்றிக்கொண்டு நின்றது. ஓடிஸ் என்ற பெயர் இன்றும் நம் ஊர் லிஃப்ட் கதவுகளில் இருக்கிறது.

அதே காட்சியை ஓடிஸ் ஏஐ வீடியோவாகப் போட்டிருந்தால்? கயிறு இன்னும் அழகாக அறுந்திருக்கும். யாரும் லிஃப்டில் ஏறியிருக்க மாட்டார்கள்.

வியாபாரக் கண்காட்சி என்பதே அவநம்பிக்கையின் சந்தை. இணையத்தில் கேட்டலாக் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வருகிறது, மெயிலில் வீடியோ வருகிறது. இத்தனை இருந்தும் ஒருவர் சேலத்திலிருந்தோ ராஜ்கோட்டிலிருந்தோ ரயில் ஏறி வருவது எதற்கு? தொட்டுப் பார்க்க. தட்டிப் பார்க்க. மேஜைக்குப் பின்னால் நிற்கும் ஆளின் முகத்தைப் பார்க்க. கிரைண்டர் ஸ்டாலில் பாருங்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, ஆனால் அந்தச் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. அரைபடும் மாவை விரலில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, நறநறவென்று இருக்கிறதா என்று பார்க்கும் அம்மாக்கள்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். ஏஐ மாவு பாலாக வழியும், அரிசி போட்ட ஒரே நொடியில் பொங்கி வரும். அதைப் பார்த்து அவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

திருப்பூர்க் கதை இன்னும் நுணுக்கமானது. பனியன் துணி வளையங்களால் ஆனது. ஒரு வளையத்துக்குள் இன்னொன்று கோத்துக்கொண்டு போகும். தறித்துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். டி-ஷர்ட்டை நெருக்கத்தில் காட்டு என்று ஏஐ-யிடம் கேட்டால் பல நேரம் அது தறித்துணியைக் காட்டிவிடுகிறது. அல்லது வளையமும் இல்லாத, இழையும் இல்லாத ஏதோ ஒரு வலை. மேலே டி-ஷர்ட், நெருங்கினால் லினன். திருமுருகன்பூண்டி ஐகேஎஃப் கண்காட்சி வளாகத்துக்கு வரும் வெளிநாட்டு பையர், பாக்கெட்டில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வருகிற ஆள். துணியை இழுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறவர். அவர் முன்னால் இந்த வீடியோவை ஓட்டுவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் சூனியம்.

ஏன் இப்படி ஆகிறது? இந்த மாடல்கள் கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்றுக்கொண்டது பொருட்கள் எப்படித் தெரியும் என்பதை. அவை எப்படி வேலை செய்யும் என்பதை அல்ல. ஓப்பன்ஏஐ நிறுவனமே சோராவை அறிமுகப்படுத்தியபோது ஒப்புக்கொண்ட குறை இது: ஒருவர் பிஸ்கட்டைக் கடிப்பார், ஆனால் பிஸ்கட்டில் கடித்த தடம் இருக்காது. 2024 நவம்பரில் கோக்க கோலா தன் பழைய கிறிஸ்துமஸ் விளம்பரத்தை ஏஐ-யில் மறுபடி எடுத்தபோது, லாரிகளின் சக்கரம் சரியாகச் சுற்றாமலே சாலையில் வழுக்கிப் போவதாக விமர்சனம் எழுந்தது. பணத்துக்குக் குறைவில்லாத கம்பெனி அது. அதற்கே சக்கரம் சுற்றவில்லை என்றால், நம் இம்பெல்லர் ரிவர்ஸில் சுற்றியதில் வியப்பென்ன? அதன் பிறகு மாடல்கள் வேகமாக முன்னேறியிருக்கின்றன, உண்மை. ஆனால் குளிர்பானம் குடிப்பவர் சக்கரத்தை மன்னிப்பார். பம்ப் வாங்குகிறவர் இம்பெல்லரை மன்னிக்க மாட்டார்.

இதில் வேடிக்கை, சரியான இம்பெல்லர் அந்தப் பம்ப் கம்பெனியிடமே இருந்தது. வார்ப்புக்காகப் போட்ட கேட் (CAD) ஃபைல் டிசைன் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அதை அனிமேஷனில் சுற்றவிட்டால் இறக்கை எண்ணிக்கை மாறாது, திசை மாறாது. தென்னந்தோப்பும் கிணறும் விடியலும் ஏஐ-யில் வரட்டும், கேமரா பம்புக்குள் நுழைகிற நொடியில் கேட் ஃபைலுக்கு மாறிவிட வேண்டும். இரண்டையும் ஒட்டுவது ஒரு நல்ல எடிட்டருக்குப் பெரிய வேலையே இல்லை. பின்னணி எல்லாம் ஏஐ, பொருள் மட்டும் நிஜம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விதி இல்லை.

இல்லாத விவசாயி, இறந்த குரல்

இன்னொரு வகை வீடியோ பெருகிவருகிறது. வெயிலில் கறுத்த முகம், நரைத்த மீசை, தோளில் மண்வெட்டி. “பதினஞ்சு வருஷமா இந்த மோட்டார்தான், ஒரு தடவைகூட காயில் போகல” என்கிறார் ஒரு விவசாயி. அப்படி ஒரு விவசாயி கிடையாது. மோட்டாரே மூன்று வருடத்துக்கு முன் வந்த மாடல். இதை ஏஐ செய்த தவறு என்று சொல்ல முடியாது. பொய் சாட்சி, கொஞ்சம் நல்ல லைட்டிங்கில்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போடலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம்வரை. வீடியோவை எந்தக் கருவியில் செய்தீர்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

நடிகர்களின் முகமும் குரலும் தனிச் சங்கதி. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அது முறை. 2023-ல் அனில் கபூரின் பெயர், முகம், குரலை அனுமதியில்லாமல் ஏஐ மூலம் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ‘நம்ம ஸ்டாலுக்கு எந்த ஹீரோ வந்து கேட்கப்போறாரு’ என்று நினைக்கலாம். ஹாலில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. மாலைக்குள் அது ரீல்ஸ்.

அங்கேதான் ‘இது ஏஐ’ என்னும் லேபிள் விவகாரமும் வருகிறது. மத்திய மின்னணு அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு, ஏஐ காட்சியின் பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தை லேபிள் பிடிக்க வேண்டும் என்றது. 2026 பிப்ரவரியில் இறுதி விதி வந்தபோது அந்த 10 சதவீதம் போய், பளிச்சென்று தெரிந்தால் சரி என்றானது. இந்த விதிகள் சமூக ஊடகத் தளங்களைக் குறிவைத்தவை. ஸ்டால் சுவரை அல்ல. ஆனால் ஸ்டால் வீடியோதானே அடுத்த நாள் கம்பெனியின் இன்ஸ்டா பக்கத்தில் ஏறுகிறது? ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஏஐ சட்டத்தின் 50ஆவது பிரிவு, நிஜம்போலத் தோன்றும் டீப்ஃபேக் காட்சிகளை ஏஐ செய்தது என்று வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள். லேபிள் போட்டால் வியாபாரம் போகும் என்று ஒரு பயம் இருக்கிறது, அது எனக்கு விளங்கவில்லை. ஓரத்தில் ‘காட்சிகள் ஏஐ மூலம் உருவாக்கியவை, இயந்திரம் இதோ மேஜையில்’ என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். முதல் பாதி நேர்மை, இரண்டாம் பாதி அழைப்பு.

எங்கே ஜெயிக்கிறது

ஏஐ வீடியோவைக் குறைசொல்லவே பிறந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். கேமரா போக முடியாத இடங்கள் இருக்கின்றன. சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சவ்வுக்குள் ஒரு நீர்த்துளி படும் பாட்டை எந்த லென்ஸாலும் எடுக்க முடியாது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து, சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு அந்த ஊரின் உயிர்ப்பிரச்சினை. அதைப் பார்வையாளருக்கு விளக்க ஒரு கதை வேண்டும். கறுப்பாக வந்த தண்ணீர் ஒவ்வொரு கட்டமாக வெளுத்து, கடைசியில் ஒரு டம்ளரில் விழுகிறது என்ற பத்து வினாடிக் காட்சியை ஏஐ அற்புதமாகச் செய்யும். அது நிரூபணம் அல்ல, உவமை. உவமை என்று தெரிந்தே பார்க்கிறார்கள், அதனால் யாரும் ஏமாறுவதில்லை. பக்கத்திலேயே நிஜத் தண்ணீர் இரண்டு பாட்டில்களில், முன்பு, பின்பு என்று வைத்திருந்தால் வேறென்ன வேண்டும்?

பருவம், இடம், காலம் மாற்றிக் காட்டுவதும் அப்படித்தான். கோடையில் நடக்கும் கண்காட்சியில் மழைக்கோட் விற்கிறவருக்கு மழை வேண்டும். கட்டி முடிக்காத தொழிற்பேட்டைக்கு ஆள் சேர்க்கிறவருக்குக் கட்டி முடித்த தெரு வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஏஐ தாராளமாக வரட்டும்.

ஒரு கவலை மட்டும் மிச்சம். எல்லோரும் ஒரே கருவியிடம் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்வதால் எல்லா ஸ்டாலிலும் ஒரே விடியல், ஒரே பொன்னிறத் தூசு, ஒரே மெதுவாக நெருங்கும் கேமரா. சமீபத்தில் ஒரு ஹாலில் பசைக் கம்பெனி, பல் மருத்துவ உபகரணம், ஆட்டுத் தீவனம் மூன்றும் ஒரே நீலக் கோளத்தைச் சுழலவிட்டிருந்தன. அந்த வரிசையில் கூட்டம் மொய்த்தது நாலாவது ஸ்டாலில். அங்கே திரையே இல்லை. ஒருவர் நிஜ லேத்தில் நிஜப் பித்தளையைக் கடைந்து, சின்னப் பம்பரம் செய்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். சூடு ஆறாத அந்தப் பம்பரத்தை வாங்க வரிசை நின்றது. நானும் நின்றேன்.

அடுத்த கண்காட்சிக்கு ஸ்டால் புக் செய்துவிட்டீர்கள், ஏஐ வீடியோவும் தயார் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். பென்டிரைவை எல்இடிக்காரரிடம் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே வயதில் மூத்த ஃபிட்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். அவர் எங்கே நெற்றியைச் சுருக்குகிறாரோ, அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.